கேளுங்க சொல்றோம்: ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ் டைப், காரைக்குடி வட்டாரக் கேள்விகள்

போன இதழ்ல ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டருங்க தங்களுக்குள்ள பேசி எங்க போக எது வழின்னு தானா கண்டுபுடிக்கிற முறை) பத்தி ஒரு ஓரத்துல நாலு வரி எழுதிருந்தேன், அதுக்கு காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், புதுவயல்னு சுத்துவட்டாரம் பூராத்துலேர்ந்தும் கேள்வி வந்துருக்கு, பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், இன்டர்ஃபேஸோட நெட்வொர்க் டைப்ப என்னன்னு வைக்கிறதுன்னு, அதாவது அந்த போர்ட்டுக்கு அந்தப்பக்கம் ரவுட்டருங்க எப்படி இணைஞ்சிருக்குன்னு சொல்ற செட்டிங்க. அதனால இந்த மாசம் வேற எதையும் எடுக்கல, இது மட்டும்தான்.

கேள்வி: அண்ணே வணக்கம். காரைக்குடில கேபிளும் இன்டர்நெட்டும் சேர்த்து நடத்துறோம். தேவகோட்டைக்கு ஃபைபர் இழுத்து ரெண்டு முனையிலயும் ரவுட்டர் வச்சு ஓஎஸ்பிஎஃப் ஓடுது. மழையில இடி விழுந்து தேவகோட்டை ரவுட்டர் போயிருச்சு, புதுசு வாங்கி மாட்டியாச்சு. நெய்பர் ஃபுல்லுன்னு காட்டுது, ஆனா ரூட்டு ஒண்ணு கூட டேபிள்ல ஏறமாட்டேங்குது. ஃபைபர செக் பண்ணியாச்சு, எஸ்எஃப்பி (ஃபைபர ரவுட்டரோட சேக்குற மாட்யூல்) மாத்தியாச்சு. தேவகோட்டை கஸ்டமருங்க போன்ல போட்டு வாங்குறாங்கண்ணே.

பதில்: தம்பி, ஃபைபரையும் எஸ்எஃப்பியையும் விட்டுருங்க, அதுல ஒண்ணும் கோளாறு இல்ல. நெய்பர் ஃபுல் ஆகி நிக்குதுன்னாலே, அதாவது எதிர் ரவுட்டரோட தகவல முழுசா ஒப்பிட்டு முடிச்சுருச்சுன்னாலே, பாக்கெட் ரெண்டு பக்கமும் நல்லா போயிட்டு வருதுன்னு அர்த்தம். பழைய ரவுட்டர கட்டுனவரு அந்த லிங்க்க பாயிண்ட்-டு-பாயிண்ட்னு (ரெண்டே ரவுட்டர், நேருக்கு நேர்) வச்சிருப்பாரு, காரைக்குடி பக்கம் இன்னமும் அப்படியே இருக்கு, புதுசா மாட்டுனதுல யாரும் எதுவும் போடாததால அது ஈதர்நெட் போர்ட்டுன்னு பாத்து தானா பிராட்காஸ்ட்னு (ஒரே நெட்வொர்க்ல பல ரவுட்டர்) எடுத்துக்கிச்சு, அனேகமா இதுதான் நடந்திருக்கும்.

உறுதி பண்ணிக்க ரெண்டு பக்கமும் நெய்பர் லிஸ்ட்ட எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. சிஸ்கோ மாதிரி ரவுட்டர்ல பாயிண்ட்-டு-பாயிண்ட் பக்கம் ஃபுல்லுக்கு அப்புறம் ஒரு சாய்கோடு, அப்புறம் வெறும் சின்னக் கோடு இருக்கும். பிராட்காஸ்ட் பக்கம் அதே எடத்துல டிஆர் (எல்லாரோட தகவலயும் வாங்கிப் பரப்புற தலைமை ரவுட்டர்), பிடிஆர் (அதுக்கு மாத்து), டிஆர்-அதர் (மத்த ரவுட்டருங்க)னு ஏதாச்சும் ஒரு பேரு இருக்கும். ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் பேருன்னா ரெண்டும் ஒத்துப்போகலன்னு அங்கயே தெரிஞ்சுபோச்சு. இன்னும் சந்தேகமா இருந்தா எல்எஸ்ஏ (ஒவ்வொரு ரவுட்டரும் தன்னோட இணைப்புகள எழுதி அனுப்புற குறிப்பு) டேட்டாபேஸ தொறந்து எதிர் ரவுட்டரோட பதிவ பாருங்க, அதுக்கு மேல அட்வர்டைசிங் ரவுட்டர் நாட்-ரீச்சபிள்னு ஒரு வரி நிக்கும். தகவல் கைக்கு வந்து சேந்துருச்சு, ஆனா அத நம்பி ரூட்டு போட மாட்டேன்னு ரவுட்டர் சொல்ற வரி அது.

ஏன் இப்படி ஆகுதுன்னு கொஞ்சம் உள்ள போய் பாத்துரலாம், ஏன்னா இது புரிஞ்சா பாதி கேள்வி அதுவா தீந்துரும். நெய்பர் ஆகுறதுக்கு ஹலோ டைமரும் (எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவ குரல் குடுக்குறது) டெட் டைமரும் (எவ்வளவு நேரம் குரல் கேக்கலன்னா போயிருச்சுன்னு எடுத்துக்குறது) ஒத்துப்போகணும், பிராட்காஸ்ட்டுக்கும் 10 செகண்ட், 40 செகண்ட், பாயிண்ட்-டு-பாயிண்ட்டுக்கும் அதே 10, 40, அதனால ரெண்டும் கைகுடுத்துக்கும், எந்த எர்ரரும் வராது. ஹலோ பாக்கெட்டுக்குள்ள நான் இன்ன டைப்புன்னு சொல்றதுக்கு எடமே கிடையாது. வம்பு அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. காரைக்குடி ரவுட்டர் தன்னோட எல்எஸ்ஏல நான் நேரா தேவகோட்டை ரவுட்டரோட இணைஞ்சிருக்கேன்னு எழுதுது, தேவகோட்டை ரவுட்டரோ நான் ஒரு பொது நெட்வொர்க்ல இருக்கேன், அதுல நாலு பேரு இருக்கலாம்னு எழுதுது. பாதைய கணக்குப்போடுற எஸ்பிஎஃப்க்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு, இங்கேர்ந்து அங்க ஒரு லிங்க் இருந்தா அங்கேர்ந்து இங்கயும் அதே மாதிரி ஒரு லிங்க் எழுதிருக்கணும், இல்லன்னா அந்த வழிய எடுத்துக்காது. ரெண்டு பேரு எழுதுனதும் பொருந்தல, அதனால ரூட்டு ஏறல.

சரி பண்றது சுலபம். காரைக்குடி ரவுட்டர்ல உக்காந்துக்கிட்டு லிங்க்ல இருக்க ஐபிக்கே நேரா லாகின் பண்ணுங்க, அது டைரக்ட் கனெக்டட் சப்நெட்டுங்கறதால ஓஎஸ்பிஎஃப் இல்லாமலே போய்ச் சேரும், தேவகோட்டைக்கு வண்டி எடுக்க வேண்டியதில்ல. உள்ள போயி இன்டர்ஃபேஸ்ல ஐபி ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் பாயிண்ட்-டு-பாயிண்ட்னு குடுங்க, மைக்ரோடிக் வெர்ஷன் 7ன்னா ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்-டெம்ப்ளேட்ல டைப்புக்கு பிடிபின்னு வைங்க. நெய்பர் ஒரு தடவ விழுந்து எந்திரிக்கும், பயப்படாதீங்க, வந்ததும் ரூட்டு ஏறிரும்.

சில பேரு காரைக்குடி பக்கத்த பிராட்காஸ்ட்டுக்கு மாத்தினாலும் சரியாகும்லன்னு கேப்பாங்க. ஆகும், ஆனா அப்படி செய்யாதீங்க. ரெண்டே ரவுட்டர் இருக்க ஃபைபர்ல எதுக்கு டிஆர் தேர்தல்? லிங்க் எந்திரிக்கும்போதெல்லாம் தேர்தலுக்குன்னு 40 செகண்ட் வரைக்கும் காத்துக்கிடக்கும், டேட்டாபேஸ்ல தேவையில்லாம டைப்-2 எல்எஸ்ஏ ஒண்ணு கூடும். ஈதர்நெட்டா இருந்தாலும் ஆளு ரெண்டுதான்னா பாயிண்ட்-டு-பாயிண்ட்டா நடத்தலாம்னு 2008லயே ஆர்எஃப்சி 5309ங்கற இன்டர்நெட் தொழில்நுட்ப ஆவணத்துல தெளிவா எழுதியாச்சு. இனிமே புது ரவுட்டர் மாட்டும்போது பழைய கான்ஃபிகரேஷன் பேக்கப்ப பக்கத்துல வச்சுக்கிட்டு இன்டர்ஃபேஸ் இன்டர்ஃபேஸா ஒத்துப்பாருங்க.

கேள்வி: வணக்கம் அண்ணா. காரைக்குடில இன்ஜினியரிங் மூணாம் வருஷம் படிக்கிறேன். லேப்ல ஒரே ஸ்விட்ச்ல அஞ்சு ரவுட்டர் மாட்டி ஓஎஸ்பிஎஃப் போட்டோம். என் ரவுட்டர்ல ரெண்டு நெய்பர் ஃபுல்லு, மிச்ச ரெண்டும் டூ-வேலயே நிக்குது, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஃபுல் ஆகல. இது எர்ரரா? இன்னொண்ணு, ஒரு ரவுட்டருக்கு ப்ரையாரிட்டி 200 குடுத்தேன், ஆனா அது டிஆர் ஆகவே இல்ல.

பதில்: எர்ரரே இல்லம்மா, அப்படித்தான் நிக்கணும், உங்க ரவுட்டர் டிஆரோ பிடிஆரோ ஆகியிருந்தா மட்டும்தான் நாலும் ஃபுல்லுன்னு காட்டும். நம்ம ஊரு கல்யாண வீட்ட நெனச்சுக்கங்க, வந்தவங்க அத்தனை பேரும் ஒருத்தருக்கொருத்தர் கணக்கு ஒப்பிச்சுக்கிட்டா இருக்காங்க, மொய் எழுத ஒருத்தரு உக்காருவாரு, பக்கத்துல சரிபாக்க இன்னொருத்தரு, எல்லாரும் அவங்ககிட்ட சொல்லிட்டு போயிருவாங்க. பிராட்காஸ்ட் டைப்ல டிஆரும் பிடிஆரும் அதே வேலைதான் பாக்குது. மத்த ரவுட்டருங்க தங்களுக்குள்ள ஹலோ சொல்லிக்கிட்டு டூ-வேயோட நின்னுக்கும், டேட்டாபேஸ ஒப்பிடுறது டிஆர், பிடிஆரோட மட்டும்தான். அஞ்சு ரவுட்டருக்கு எல்லாரும் எல்லாரோடயும்னா 10 ஜோடி ஆகுது, இந்த ஏற்பாட்டுல 7 தான். அஞ்சுல பெரிய வித்தியாசம் தெரியாது, பத்து ரவுட்டர் ஆச்சுன்னா 45க்கு பதிலா 17ல முடிஞ்சிருது, அங்கதான் லாபம் தெரியும். மாத்தம் எதுவும் வந்தா டிஆர், பிடிஆருக்கு 224.0.0.6ங்கற மல்டிகாஸ்ட் (பல பேருக்கு ஒரே நேரத்துல போற) முகவரில சொல்லுவாங்க, டிஆர் அத எல்லாருக்கும் 224.0.0.5ல திருப்பி சொல்லும், வயர்ஷார்க்னு பாக்கெட்ட புடிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் போட்டு புடிச்சுப் பாருங்க, கண்ணால ஒரு தடவ பாத்துட்டா பரீட்சைக்கு மனப்பாடமே பண்ண வேண்டாம்.

ப்ரையாரிட்டி விஷயம். டிஆர் பதவி ஒருத்தருக்கு கெடச்சுட்டா அதுக்கப்புறம் பெரிய நம்பரோட யாரு வந்தாலும் எறக்க முடியாது, இருக்கவரு விழுந்தாதான் பிடிஆர் மேல ஏறும், அப்ப காலியாகுற பிடிஆர் எடத்துக்குதான் புதுசா தேர்தல். நீங்க 200 குடுத்தது தேர்தல் முடிஞ்சதுக்கு அப்புறம். லேப்புங்கறதால அஞ்சு ரவுட்டர்லயும் ஓஎஸ்பிஎஃப் ப்ராசஸ கிளியர் பண்ணி ஒண்ணா எந்திரிக்க விடுங்க, 200 வச்சதுதான் வரும். ப்ரையாரிட்டி சமமா இருந்தா ரவுட்டர் ஐடி பெருசா இருக்கவரு ஜெயிப்பாரு, ஒருத்தரு எந்தக் காலத்துலயும் டிஆர் ஆகக்கூடாதுன்னா 0 வச்சுருங்க. ஓடிக்கிட்டு இருக்க நெட்வொர்க்ல மட்டும் இந்த கிளியர் வேலைய பகல்ல செய்யாதீங்க.

கேள்வி: கானாடுகாத்தான்ல பழைய வீடுகள எடுத்து ஹெரிடேஜ் ஹோட்டலா நடத்துறோம். மெயின் வீட்டு மாடில ஒரு வயர்லெஸ் ஏபி (சிக்னல் குடுக்குற பெட்டி), மத்த நாலு வீட்டு மாடிலயும் அத பாத்த மாதிரி ரேடியோ, வீட்டுக்கு ஒரு ரவுட்டர். மெயின் வீட்டுலேர்ந்து நாலு வீட்டுக்கும் ஒரு நேரம் போகுது, ஒரு நேரம் அறுந்துருது. வீட்டுக்கு வீடு சுத்தமா போகவே மாட்டேங்குது. ரேடியோ போட்டவங்க சுவர் கனம்தான் காரணங்கறாங்க. சுவர ஒடைக்கவா முடியும்?

பதில்: ஐயா, சுவருல கைய வச்சுராதீங்க. அந்த சுண்ணாம்புச் சுவரு வீட்டுக்குள்ள வைஃபைய மறிக்கும்ங்கறது உண்மைதான், முகப்புல இருக்க சிக்னல் ரெண்டாங்கட்டுக்கு வராது, அதுக்கு கட்டுக்கு ஒரு ஏபி வச்சுத்தான் ஆகணும். ஆனா மாடிக்கு மாடி ரேடியோ வெட்டவெளில பேசுது, நடுவுல சுவரே இல்ல. நீங்க அனுப்புன படத்துல சிக்னலும் நல்லாத்தான் இருக்கு. கோளாறு ஓஎஸ்பிஎஃப் டைப்புலதான் இருக்கு.

அதே படத்துல ஏபில கிளையண்ட் ஐசொலேஷன் ஆன்ல இருக்கு பாருங்க. அப்படின்னா நாலு வீடும் மெயின் வீட்டோட பேசலாம், ஆனா ஒரு வீட்டு ரேடியோ சொல்றது இன்னொரு வீட்டு ரேடியோ காதுல விழாது. ஆனா ரவுட்டர்ல டைப் பிராட்காஸ்ட்னு இருக்கு. பிராட்காஸ்ட்னா என்ன, இந்த சப்நெட்ல இருக்க எல்லாருக்கும் எல்லாரு பேசுறதும் கேக்கும்னு நீங்க ரவுட்டருக்கு குடுக்குற வாக்கு. அது அந்த வாக்க நம்பி டிஆர் தேர்தல் வைக்குது, ஒவ்வொரு வீடும் தனக்கு கேட்ட குரல வச்சு கணக்குப் போட்டு ஒண்ணு மெயின் வீட்ட டிஆர்ங்குது, இன்னொண்ணு தன்னையே டிஆர்ங்குது, அதுலதான் அப்பப்ப அறுந்து அறுந்து வருது. அப்படியே ஒழுங்கா டிஆர் அமைஞ்சாலும் வீட்டுக்கு வீடு போகாது, ஏன்னா பிராட்காஸ்ட்ல ரெண்டாவது வீட்டுக்கான ரூட்டுக்கு நெக்ஸ்ட்-ஹாப்பா (பாக்கெட்ட அடுத்து வாங்கிக்கிற ரவுட்டரா) ரெண்டாவது வீட்டு ஐபியேதான் வரும், நாலாவது வீடு அந்த ஐபி யாருதுன்னு ஏஆர்பி கேக்கும், ஐசொலேஷன் அத மறிச்சுரும், பதிலே வராது.

இதுக்குன்னே இருக்க டைப்புதான் பாயிண்ட்-டு-மல்டிபாயிண்ட். இதுல டிஆரே கிடையாது, யாரு காதுல யாரு குரல் விழுதோ அவங்க ரெண்டு பேரும் தனித்தனி ஜோடி. ஒவ்வொரு ரவுட்டரும் தன்னோட இன்டர்ஃபேஸ் ஐபிய 32 மாஸ்க்கோட (அந்த ஒரே ஐபிக்கு மட்டும்னு) தனி ரூட்டா சொல்லும், நாலாவது வீட்டுலேர்ந்து ரெண்டாவது வீட்டுக்கு நெக்ஸ்ட்-ஹாப் மெயின் வீடுன்னு வரும், ரேடியோல உண்மையா இருக்க வழியும் அதேதான். அஞ்சு ரவுட்டர்லயும் ஒரே மாதிரி மாத்துங்க, ஒண்ணு விட்டாலும் மேல தேவகோட்டை தம்பிக்கு சொன்ன கதைதான். டைமர மட்டும் கவனிங்க, சிஸ்கோல இந்த டைப்புக்கு ஹலோ 30, டெட் 120ன்னு தானா மாறிரும், எல்லா பிராண்டும் அப்படி மாத்துறதில்ல, கலந்து வச்சிருந்தா கையாலயே ஒரே நம்பர அஞ்சு பக்கமும் போட்டுருங்க. சில பிராண்டுல பக்கத்து ரவுட்டர் ஐபிய கையால குடுக்கச் சொல்லும், மெயின் வீட்டுல நாலு ஐபி, மத்த வீட்டுல ஒரே ஒரு ஐபி, அவ்வளவுதான்.

ஐசொலேஷன எடுத்துட்டு, மெயின் வீட்டுக்கு ப்ரையாரிட்டி குடுத்து, மத்ததுக்கு 0 வச்சு பிராட்காஸ்ட்டாவே ஓட்டலாமேன்னு உங்க ரேடியோ ஆளு சொல்லலாம். ஓடும். எனக்கு அதுல இஷ்டமில்ல, நாளைக்கு யாராச்சும் ஃபர்ம்வேர் ஏத்துறப்ப ஐசொலேஷன் திரும்ப ஆன் ஆனா மறுபடியும் இதே கூத்து, டைப்ப சரியா வச்சுட்டா ஆன்ல இருந்தாலும் ஆஃப்ல இருந்தாலும் ஓடும். அப்புறம் ஐயா, கெஸ்ட் வைஃபை பக்கம் இருக்க இன்டர்ஃபேஸ் எல்லாத்தையும் பேசிவ்னு வச்சுருங்க, டைப் அங்க எதுவா இருந்தாலும் பரவால்ல, ஆனா ரூம்ல தங்குறவரோட லேப்டாப்புக்கு உங்க ஹலோ பாக்கெட் எதுக்குப் போகணும்.

கேள்வி: லூப்பேக்ல 24 மாஸ்க் குடுத்துருக்கேன், ஆனா எதிர்ப்பக்கம் 32ன்னு வருது. ஏன்?

பதில்: லூப்பேக்குன்னா ரவுட்டருக்குள்ளயே இருக்க கற்பனை இன்டர்ஃபேஸ், அதுல அந்த ஒரு ஐபிதான், அதுக்குப் பின்னாடி நெட்வொர்க் எதுவும் இல்லன்னு ஓஎஸ்பிஎஃப் எடுத்துக்கும், அதனால ஹோஸ்ட் ரூட்டாதான் அனுப்பும். லேப்ல லூப்பேக்க ஒரு லான் மாதிரி நடிக்க வைக்கணும்னா அந்த இன்டர்ஃபேஸ்ல டைப்ப பாயிண்ட்-டு-பாயிண்ட்னு மாத்துங்க, 24 வந்துரும். ரவுட்டர் ஐடிக்காக வச்ச லூப்பேக்குன்னா தொடாதீங்க, 32தான் அழகு.

கேள்வி: அண்ணே, எங்க அடகுக்கடைக்கு காரைக்குடில ஹெட் ஆபீஸ், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டைல பிராஞ்ச். வயர்கார்டு (இன்டர்நெட் வழியா பூட்டுப்போட்ட டன்னல் போடுற விபிஎன்) போட்டு எல்லாத்தையும் ஒரே டன்னல் இன்டர்ஃபேஸ்ல பியரா (எதிர்முனையா) சேத்துருக்கேன், அதுமேல ஓஎஸ்பிஎஃப். நெய்பரே வரல. டைப்ப நான்-பிராட்காஸ்ட்னு மாத்துனா நெய்பர் வருது, ஆனா ரூட்டு ஏறியும் பிங் போகமாட்டேங்குது.

பதில்: தம்பி, நீங்க நான்-பிராட்காஸ்ட் வரைக்கும் தேடிப் போனதே நல்ல யோசனை. அந்த டைப்பு ஃப்ரேம் ரிலே, எக்ஸ்.25 மாதிரி மல்டிகாஸ்ட் போகாத லைனுக்காக வந்தது, 1998ல ஜான் மோய் எழுதுன ஆர்எஃப்சி 2328லயும் அது இருக்கு, பக்கத்து ரவுட்டர் ஐபிய கையால குடுத்தா ஹலோவ யூனிகாஸ்ட்டா (அந்த ஒரு ஐபிக்கு மட்டும்) அனுப்பும். வயர்கார்டும் மல்டிகாஸ்ட்ட பரப்பாது, அதனால உங்களுக்கு நெய்பர் வந்துருச்சு.

பிங் போகாததுக்கு காரணம் ஓஎஸ்பிஎஃப் இல்ல. ஒரே இன்டர்ஃபேஸ்ல மூணு பியர் இருந்தா எந்த பாக்கெட்ட எந்த பியருக்கு அனுப்புறதுன்னு வயர்கார்டு தன்னோட அலவ்டு-ஐபி லிஸ்ட்ட பாத்துதான் முடிவு பண்ணும், ரூட்டிங் டேபிள்ல இருக்க நெக்ஸ்ட்-ஹாப்ப அது கண்டுக்காது. ஓஎஸ்பிஎஃப் புதுசா கத்துக்கிட்ட பள்ளத்தூர் லான் ரூட்டு டேபிள்ல ஏறிருச்சு, அலவ்டு-ஐபில ஏறல, அதனால பாக்கெட் டன்னல் வாசல்லயே விழுந்துருது. எந்த டைப்ப மாத்தினாலும் இது தீராது.

பிராஞ்சுக்கு ஒரு வயர்கார்டு இன்டர்ஃபேஸ்னு தனித்தனியா பிரிச்சுருங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரே பியர், போர்ட் நம்பர் வேற வேற. ஒரே பியருங்கறதால அலவ்டு-ஐபில 0.0.0.0/0 குடுத்துரலாம், 224.0.0.5ம் அதுக்குள்ளயே அடங்கிரும். லினக்ஸ்ல டபிள்யூஜி-குயிக் வச்சு ஓட்டுறீங்கன்னா டேபிள் ஆஃப்னு ஒரு வரி கட்டாயம் போடுங்க, இல்லன்னா டிஃபால்ட் ரூட்ட டன்னலுக்குள்ள இழுத்துவிட்டு பிராஞ்சு இன்டர்நெட்டே நின்னுரும். அப்புறம் டைப் பாயிண்ட்-டு-பாயிண்ட், ரெண்டு பக்கமும். நாலஞ்சு பிராஞ்சுக்கு இதவிட சுத்தமான வழி இல்ல. நகைக்கடன் கணக்கு ஓடுற லைனுங்கறதால ஓஎஸ்பிஎஃப்க்கு ஆதென்டிகேஷனும் போட்டு வைங்க.

கேள்வி: புதுவயல்ல ரைஸ்மில். மில்லுக்கும் குடோனுக்கும் நடுவுல லிங்க். ரெண்டு பக்கமும் பாயிண்ட்-டு-பாயிண்ட்தான், நல்லா பாத்துட்டேன். ஆனா எக்ஸ்ஸ்டார்ட்லயே நிக்குது, ஃபுல் ஆகல. டைப்ப மாத்தி மாத்தி பாத்தும் பலன் இல்ல.

பதில்: டைப்ப திரும்ப பாயிண்ட்-டு-பாயிண்ட்டுக்கே கொண்டாந்துருங்க, அது சரிதான். ஃபுல் ஆகுறதுக்கு முந்தின படியான எக்ஸ்ஸ்டார்ட்ல, இல்ல எக்ஸ்சேஞ்ச்ல நின்னா மொதல்ல எம்டியு (ஒரே பாக்கெட்டா போகக்கூடிய அதிகபட்ச அளவு) பாக்கணும். டேட்டாபேஸ ஒப்பிட ஆரம்பிக்கும்போது அனுப்புற பாக்கெட்ல எம்டியு எழுதி வரும், எதிர்ப்பக்கம் சொல்றது தன்னதவிட பெருசா இருந்தா ரவுட்டர் அந்த பாக்கெட்ட தூக்கிப் போட்டுரும், திரும்ப அனுப்பும், திரும்ப போட்டுரும், இப்படியே கெடக்கும். குடோன் பக்கம் ரேடியோ வழியா வர்றதால யாராச்சும் எம்டியுவ கொறச்சு வச்சிருப்பாங்க. எம்டியுவ கண்டுக்காதன்னு ஒரு கமாண்ட் இருக்கு, அத போட்டா ஃபுல் ஆகிரும், ஆனா பெரிய பாக்கெட் அப்புறமும் நடுவுல தொலையும், பில்லிங் சாஃப்ட்வேர் பாதில தொங்கும். அதனால அத போடாம, டோன்ட்-ஃபிராக்மெண்ட் (பாக்கெட்ட ஒடைக்காதங்கறது) வச்சு பிங் சைஸ ஏத்தி ஏத்தி அந்த ரேடியோ எவ்வளவு தாங்குதுன்னு பாத்து, அந்த நம்பரையே ரெண்டு ரவுட்டர்லயும் இன்டர்ஃபேஸ் எம்டியுவா வைங்க.